எல்இடிக்குள் எந்த மண்? ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குச் சீரியல் செட் கட்டிக்கொண்டிருந்தேன். நான் முகப்பில் ஏணி மேல். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து என் வேலையைக் கண்காணித்துக்கொண்டிருந்த ஆச்சி, என் கையிலிருந்து நழுவி விழுந்த ஒரு சின்ன எல்இடியை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஏப்பா, இது கண்ணாடி மாதிரி வெள்ளையா இருக்கு. எரிஞ்சா மட்டும் நீலமா எரியுது. உள்ள கலர் காயிதம் கீயிதம் வச்சிருக்கானா?"

"காயிதமெல்லாம் இல்ல ஆச்சி, அது அந்தப் பொருளோட கொணம்" என்று மேலிருந்தே சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். பதில் சரிதான், ஆனால் யாருக்கும் எதுவும் விளங்காத பதில்.

ஆச்சி கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த வீட்டு ஜன்னல்களுக்கு மேலே அரைவட்டமாகக் கலர்க் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். காலை வெயில் அடித்தால் தரையில் நீலமும் பச்சையும் சிவப்புமாக விழும். வெயிலில் எல்லா நிறமும் இருக்கிறது. நீலக் கண்ணாடி மற்றதை எல்லாம் தன்னோடு நிறுத்திக்கொண்டு நீலத்தை மட்டும் உள்ளே விடுகிறது. பழைய சீரியல் பல்பும் இதே வித்தைதான்: உள்ளே எரிவது ஒரே மாதிரி கம்பி, மேலே பூசிய சாயம் வேறு வேறு. எல்இடியில் இந்த வடிகட்டும் வேலையே கிடையாது. நீலம் அங்கே நீலமாகவேதான் பிறக்கிறது. எந்த நிறம் பிறக்கும் என்பதை உள்ளே இருக்கும் குறைக்கடத்திப் பொருள் முடிவு செய்கிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட மேசை மேல் செய்து பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வாங்க வேண்டியவை

5 மில்லிமீட்டர் எல்இடி, நிறத்துக்கு இரண்டு: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை. கடைக்காரரிடம் "வாட்டர் கிளியர்" என்று கேட்டு வாங்குங்கள். மூடி கலராக இருக்கும் எல்இடியும் உண்டு. அந்தக் கலர் அணைந்திருக்கும்போது அடையாளம் தெரிவதற்காகத்தான், ஆனால் அதை வைத்துச் சோதனை செய்தால் சாயத்தால்தான் நிறம் வருகிறதோ என்ற சந்தேகம் போகவே போகாது. பச்சையில் மட்டும் இரண்டு ரகம் வாங்குங்கள்: ஒன்று மஞ்சள் கலந்த இளம்பச்சை, இன்னொன்று டிராஃபிக் சிக்னலில் எரியும் பளிச்சென்ற பச்சை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் 470 ஓம் ரெசிஸ்டர் நாலு, 10 கிலோ ஓம் ஒன்று, 1என்4007 டையோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் உதிரி) ஒன்று, 9 வோல்ட் பேட்டரியும் அதன் கிளிப்பும், உதிரிகளைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு ஒன்று, ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். வீட்டில் எங்காவது கிடக்கும் பழைய சிடி ஒன்றும் டிவி ரிமோட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் உதிரி விற்கும் கடைகளிலேயே எல்லாம் கிடைக்கும். இந்தச் சோதனைகள் எதற்கும் வீட்டு லைன் கரண்ட் வேண்டாம். பிளக் பாயிண்ட் பக்கமே போக வேண்டியதில்லை.

முதலில் கால் பார்க்கப் பழகுங்கள்

எல்இடிக்கு இரண்டு கால். நீளமானது பாசிட்டிவ், குட்டையானது நெகட்டிவ். காலை வெட்டிவிட்ட பழைய எல்இடி என்றால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அது நெகட்டிவ் பக்கம்.

இப்போது அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். உள்ளே அகலமாகத் தெரியும் உலோகத் துண்டின் மேல் (பெரும்பாலும் அது குட்டைக்காலின் பக்கம்) சின்னக் கிண்ணம் ஒன்று தெரியும். அதன் அடியில் கடுகில் கால்வாசிகூட இல்லாத ஒரு துணுக்கு உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பி அடுத்த காலுக்குப் போகும். நாம் பேசப்போவது முழுக்க அந்தத் துணுக்கைப் பற்றித்தான். மற்றதெல்லாம் பிளாஸ்டிக்.

ரெசிஸ்டர் இல்லாமல் ஏற்றாதீர்கள்

நான் முதன்முதலில் எல்இடியைப் பேட்டரியில் நேராக வைத்தேன். சிவப்பு எல்இடி ஒரு கணம் ஆரஞ்சாக மின்னியது, 'டப்' என்றது, ஒரு நாற்றம், அவ்வளவுதான். குண்டு பல்பு தனக்கு வேண்டிய கரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். எல்இடிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு குறிப்பிட்ட வோல்ட் வரை சாதுவாக இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டு தன்னையே எரித்துக்கொள்ளும். அதனால்தான் குறுக்கே ரெசிஸ்டர்.

கணக்கு எளிது. பேட்டரி வோல்ட்டிலிருந்து எல்இடி எடுக்கும் வோல்ட்டைக் கழியுங்கள். மிச்சத்தை ரெசிஸ்டர் ஓமால் வகுத்தால் கரண்ட் வரும். சிவப்புக்கு 9 கழித்தல் 1.9, அதாவது 7.1 வோல்ட், 470-ஆல் வகுத்தால் சுமார் 15 மில்லி ஆம்பியர். இந்த அளவு எல்இடிக்கு 20 வரை தாங்கும், ஆகவே பயமில்லை. பேட்டரி பாசிட்டிவ், ரெசிஸ்டர், எல்இடியின் நீளக்கால், குட்டைக்கால், பேட்டரி நெகட்டிவ். வரிசை இவ்வளவுதான். எரியவில்லை என்றால் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

மீட்டர் வைத்துப் பாருங்கள்

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, எரியும் எல்இடியின் இரண்டு காலிலும் முனைகளைத் தொடுங்கள். வரும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். எல்லா நிறத்துக்கும் இதையே செய்யுங்கள்.

என் மேசையில் பெரும்பாலும் கிடைப்பது இது: சிவப்பு 1.8 முதல் 2.0 வரை, மஞ்சள் 2.0 பக்கம், இளம்பச்சை 2.0 முதல் 2.2, பளிச் பச்சை 2.8 முதல் 3.1, நீலம் 2.9 முதல் 3.2, வெள்ளை அப்படியே நீலம் மாதிரி. ரிமோட்டில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்இடியைக் கழற்றி வைத்தால் 1.2 வரும்.

மீட்டரின் டையோடு டெஸ்டில் வைத்தே பார்க்கலாமே என்று கேட்பீர்கள். சிவப்பு மங்கலாக எரியும், எண்ணும் வரும். நீலம் பல மீட்டர்களில் பேசவே பேசாது. அந்த நிலையில் மீட்டர் கொடுக்கும் வோல்ட் நீலத்துக்குப் போதாது. நல்ல நீல எல்இடியைக் கெட்டது என்று குப்பையில் போடுகிற தப்பு இதனால்தான் நடக்கிறது.

பட்டியலை மறுபடி பாருங்கள். வானவில் வரிசை தெரிகிறதா? அகச்சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகப்போக வோல்ட் ஏறுகிறது. பச்சையில் மட்டும் ஒரு கோளாறு. பெயர் ஒன்றே, ஆனால் ஒரு பச்சை 2, இன்னொரு பச்சை 3. இளம்பச்சை மஞ்சளோடு சேர்ந்துகொள்கிறது, பளிச் பச்சை நீலத்தோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் உள்ளே இருக்கும் பொருள் வேறு. முதலாவது பாஸ்பைடு குடும்பம், அதாவது பாஸ்பரஸ் சேர்ந்தது; இரண்டாவது நைட்ரைடு குடும்பம், நைட்ரஜன் சேர்ந்தது. மீட்டர் காட்டுவது நிறத்தை மட்டுமில்லை, வம்சத்தையும் சேர்த்து.

அந்த வோல்ட் எங்கிருந்து வருகிறது

உலோகத்தில் எலக்ட்ரான்கள் கேட்பாரில்லாமல் சுற்றும். கண்ணாடியில் அசையவே முடியாது. குறைக்கடத்தி இரண்டுக்கும் நடுவில். அதில் எலக்ட்ரான்களுக்கு இரண்டு தளம்: கீழே அணுக்களோடு கட்டுண்டு கிடக்கும் தளம், மேலே சுதந்திரமாக ஓடும் தளம். இரண்டுக்கும் நடுவில் நிற்கவே இடமில்லாத ஓர் இடைவெளி. இதற்கு ஆற்றல் இடைவெளி என்று பெயர். நம் பெரிய வீடுகளில் கீழே வளவு (முற்றத்தைச் சுற்றிய கூடம்), மேலே மாடி, நடுவில் படியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறினால் முழுசாக ஏற வேண்டும், விழுந்தால் முழுசாக விழ வேண்டும்.

எல்இடித் துணுக்கில் ஒரு பக்கம் மாடியில் எலக்ட்ரான் கூட்டமாக இருக்கும்படியும், இன்னொரு பக்கம் வளவில் காலியிடங்கள் இருக்கும்படியும் வேறு பொருளைத் துளி கலந்து செய்திருப்பார்கள். அந்தக் காலியிடத்துக்குத்தான் துளை என்று பெயர். பேட்டரி இரண்டு கூட்டத்தையும் நடுவில் கொண்டுவந்து சேர்க்கிறது. மாடியிலிருந்து எலக்ட்ரான் துளைக்குள் விழுகிறது. விழுந்த உயரத்துக்கு உரிய ஆற்றல் ஒளித்துகளாக, அதாவது ஃபோட்டானாக, வெளியே வருகிறது. மாடி தாழ்வாக இருந்தால் சிவப்பு, உயரமாக இருந்தால் நீலம்.

இதை எண்ணில் பிடிக்க ஒரு சூத்திரம் போதும்: 1240-ஐ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றலால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் வரும். (ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல்தான் ஒரு எலக்ட்ரான் வோல்ட்.) 625 நானோமீட்டர் சிவப்புக்கு 1.98 எலக்ட்ரான் வோல்ட். 465 நானோமீட்டர் நீலத்துக்கு 2.67. ரிமோட்டின் 940 நானோமீட்டருக்கு 1.32.

இங்கே ஒரு எச்சரிக்கை. மீட்டரில் வந்த வோல்ட்டை அப்படியே போட்டு வகுத்து, நீலம் 413 நானோமீட்டர் என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள். அது ஊதா. 13 மில்லி ஆம்பியர் ஓடும்போது துணுக்கின் அடுக்குகளும் அதன் இணைப்புகளும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் வோல்ட்டைச் சாப்பிடுகின்றன. இப்போது 470-ஐ எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போடுங்கள். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கும், எல்இடி மங்கலாக எரியும், நீலத்தின் வோல்ட் 2.6, 2.7 பக்கம் வந்து நிற்கும். கணக்குக்கு எவ்வளவு கிட்டே வந்துவிட்டது பாருங்கள். சிவப்பு மட்டும் 1.7-க்கு இறங்கி, கணக்கைவிடக் குறைத்துச் சொல்லும். மீதி ஆற்றலை எலக்ட்ரான் அறையின் சூட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆற்றல் இடைவெளியை அச்சாகக் காட்டும் கருவி இல்லை இது. யார் முன்னே, யார் பின்னே என்ற வரிசையைக் காட்டும் கருவி.

இந்த வரிசை தெரியாமல் நான் பட்டது ஒன்று உண்டு. ஒரு கல்யாண வேலைக்கு 12 வோல்ட் மாட்யூல் பலகைகள். ஒவ்வொன்றிலும் மூன்று நீலம் வரிசையாக, கூட 150 ஓம் ரெசிஸ்டர். மூன்று நீலத்துக்கு 9.3 வோல்ட், மிச்சம் 2.7, கரண்ட் 18 மில்லி ஆம்பியர். கச்சிதம். பெண் வீட்டார் சிவப்புதான் வேண்டும் என்றார்கள். நான் ராவோடு ராவாக நீலத்தைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் சிவப்பை வைத்துப் பற்றவைத்தேன். ரெசிஸ்டரைத் தொடவில்லை. மூன்று சிவப்புக்கு 5.7 வோல்ட்தான்; மிச்சம் 6.3, 150-ஆல் வகுத்தால் 42 மில்லி ஆம்பியர். முதல் அரைமணி நேரம் ஊரே பார்க்கிற மாதிரி ஜொலித்தது. மாப்பிள்ளை அழைப்புக்குள் பாதி அணைந்துவிட்டது. 390 ஓம் போட்டிருந்தால் 16-இல் நின்றிருக்கும். இப்போது எல்இடி டப்பா ஒவ்வொன்றின் மேலும் நிறத்தோடு வோல்ட்டையும் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.

சிலிக்கான் ஏன் எரிவதில்லை

இப்போது எல்இடி இருந்த இடத்தில் 1என்4007 டையோடைப் போடுங்கள். வெள்ளைக் கோடு இருக்கும் பக்கம் நெகட்டிவ். கரண்ட் ஓடும், மீட்டர் 0.7 வோல்ட் காட்டும், வெளிச்சம் மட்டும் வராது. கறுப்பு உறை மூடியிருப்பதால் தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி உறை போட்ட சிலிக்கான் டையோடும் எரியாது.

உலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் சிப் பெரும்பாலும் சிலிக்கான். மண்ணில் கொட்டிக் கிடக்கும் தனிமம். அதிலேயே விளக்கும் செய்துவிட்டால் எவ்வளவு மலிவு. அப்படியிருந்தும் ஏன் கேலியம், இண்டியம் என்று அரிதான சரக்கைத் தேடிப் போனார்கள்?

காரணம் இரண்டு. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். விழுந்தாலும் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே எலக்ட்ரானால் நேராக விழ முடியாது. மாடிக் கைப்பிடி ஓரமாக நின்று ஒருவர் மாங்காயைப் போடுகிறார், வளவில் இன்னொருவர் கையேந்தி நிற்கிறார். நேர் கீழே நின்றால் மாங்காய் கையில் விழும். வளவைத் தாண்டிப் பின்னால் இரண்டாங்கட்டில் போய் நின்றால்? யாராவது நடுவில் தட்டிவிட்டால்தான் அவர் கைக்குப் போகும். கேலியம் ஆர்செனைடு, கேலியம் நைட்ரைடு எல்லாம் முதல் வகை, நேரடி இடைவெளி. சிலிக்கானும் ஜெர்மானியமும் இரண்டாம் வகை, மறைமுக இடைவெளி. அங்கே படிகத்தின் அதிர்வு வந்து எலக்ட்ரானைத் தட்டிவிட வேண்டும். அதற்குக் காத்திருக்கும் நேரத்தில் எலக்ட்ரான் ஏதாவது ஒரு குறையில் சிக்கி, ஆற்றலைச் சூடாகக் கொட்டிவிடும். (உவமையை ரொம்ப இழுக்காதீர்கள். உண்மையில் தள்ளி நிற்பது இடத்தில் இல்லை, உந்தத்தில். எலக்ட்ரானின் உந்தமும் துளையின் உந்தமும் பொருந்த வேண்டும் என்பதுதான் விஷயம்.)

சிலிக்கான் ஒளியே விடாது என்றும் சொல்லக் கூடாது. சோலார் பேனலுக்குள் நேர்த்திசையில் கரண்ட் செலுத்தினால் 1150 நானோமீட்டர் பக்கம் மிக மங்கலான அகச்சிவப்பு வரும். அதைத் தனிக் கேமராவில் படம் பிடித்துப் பேனலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், குறைக்கடத்தி வெளிச்சத்தை மனிதர்கள் முதலில் பார்த்ததே ஒரு மறைமுக இடைவெளிப் பொருளில்தான். 1907-இல் ஹென்றி ரவுண்ட் என்ற ஆங்கிலேய ரேடியோப் பொறியாளர் கார்போரண்டம் படிகத்தில் கரண்ட் விட்டபோது மஞ்சளாக ஒளி வருவதைக் கண்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். கார்போரண்டம் வேறொன்றுமில்லை, சிலிக்கான் கார்பைடு. சாணை பிடிக்கிற கல்லில் இருக்கிற சரக்கு. தெருவில் அரிவாள்மணைக்குச் சாணை பிடிக்க வருபவரின் சக்கரத்திலிருந்துதான் எல்இடியின் கதை தொடங்குகிறது என்று சொன்னால் அவரே நம்பமாட்டார். 1920-களில் ரஷ்யாவில் ஒலெக் லோசெவ் அதே ஒளியைப் பல வருடம் ஊன்றி ஆராய்ந்தார். அவர் 1942-இல் லெனின்கிராடு முற்றுகையில் இறந்துபோனார்.

கலவையை மாற்றினால் நிறம் மாறும்

ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, சிமெண்டில் கலர்ப் பொடி கலந்து கரண்டியால் ஊற்றுகிறார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும். நிறம் மேலே அடித்த பெயிண்ட் கிடையாது, கலவையிலேயே இருக்கிறது. பொடியைக் கூட்டிக் குறைத்தால் சாயல் மாறும்.

குறைக்கடத்தியிலும் கலவைதான் கைவசம் இருக்கும் வழி. கேலியம் ஆர்செனைடின் இடைவெளி 1.42 எலக்ட்ரான் வோல்ட், அகச்சிவப்பு. கேலியம் பாஸ்பைடின் இடைவெளி 2.26, பச்சைப் பக்கம். இரண்டையும் ஒரே படிகமாகக் கலந்து, பாஸ்பரஸைக் கூட்டக் கூட்ட இடைவெளி விரியும். 1962-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் நிக் ஹோலன்யாக் இந்தக் கலவையில்தான் கண்ணுக்குத் தெரியும் சிவப்பைக் கொண்டுவந்தார். பாஸ்பரஸைப் பாதிக்குப் பக்கமாகக் கொண்டுபோனால் நேரடி இடைவெளி மறைமுகமாக மாறிவிடும், வெளிச்சம் மங்கும். அதைச் சரிக்கட்டத் துளி நைட்ரஜன் சேர்க்கிறார்கள். பழைய இளம்பச்சை எல்இடி மங்கலாக எரிவதன் பின்கதை இது. இன்றைய பளீர் சிவப்பும் மஞ்சளும் அலுமினியம், கேலியம், இண்டியம், பாஸ்பரஸ் நாலும் சேர்ந்த கலவை.

நீலம்தான் எல்லோரையும் அலைக்கழித்தது. கேலியம் நைட்ரைடின் இடைவெளி 3.4 எலக்ட்ரான் வோல்ட். இண்டியம் கலந்து அதைக் கீழே இறக்கினால் நீலம், இன்னும் இறக்கினால் பச்சை. காகிதத்தில் சுலபம். ஆனால் அந்தப் படிகத்தை வளர்க்க ஒரு தரை வேண்டும். கிடைத்த தரை நீலக்கல். மோதிரத்தில் வைக்கும் அதே கல், நிறமில்லாமல் செயற்கையாகச் செய்தது. இரண்டின் அணு அடுக்கும் ஒன்றோடொன்று பொருந்தாமல் படிகம் முழுக்கக் குறை விழுந்தது. துளைகள் உள்ள பக்கத்தைச் செய்யவும் வழி தெரியவில்லை. ஜப்பானில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும் நடுவில் ஒரு மெல்லிய அலுமினியம் நைட்ரைடு மெத்தையைப் போட்டு 1986-இல் நல்ல படிகம் வளர்த்தார்கள்; துளைப் பக்கத்தை 1989-இல் செய்துகாட்டினார்கள். நிச்சியா நிறுவனத்தில் இருந்த ஷூஜி நாகமுரா 1993-இல் பளிச்சென்ற நீல எல்இடியைச் சந்தைக்கே கொண்டுவந்தார். மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல். ஹோலன்யாக்கின் சிவப்புக்கும் இந்த நீலத்துக்கும் நடுவில் 31 வருடம்.

பளிச் பச்சை 3 வோல்ட் கேட்பதற்கும் இப்போது விடை இருக்கிறது. 525 நானோமீட்டர் பச்சைக்குக் கணக்குப்படி 2.36 போதும். ஆனால் ஒளி பிறக்கும் மெல்லிய அடுக்கின் இரண்டு பக்கமும் கேலியம் நைட்ரைடு. எலக்ட்ரான் அந்த உயரமான மாடி வழியாக நடந்து வந்துதான் இங்கே விழ வேண்டும்.

இந்தத் துறையைப் படிப்பாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அங்கே முக்கியப் பாடம் மின்வேதியியல் என்றாலும், பொருளறிவியல் ஆய்வகம் எப்படி இருக்கும் என்று நேரில் காண விரும்பினால் பொதுமக்களை உள்ளே விடும் நாளில் போய்ப் பாருங்கள். வாசல் வழியாகப் பஸ்ஸில் போய்க்கொண்டே இருந்துவிட்டு நான் உள்ளே போனது நாற்பது வயதுக்கு மேல்.

எல்இடியைத் திருப்பி வேலை வாங்குங்கள்

பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சிவப்பு எல்இடியின் இரண்டு காலையும் மீட்டரில் நேராகச் சேர்த்து, அதன் தலையைச் சூரியனுக்கு நேராகப் பிடியுங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவா வேண்டும், மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேலேயே வரக்கூடும். வெளிச்சம் எலக்ட்ரானை வளவிலிருந்து மாடிக்குத் தூக்கிவிடுகிறது. சோலார் பேனல் செய்வதும் இதுவே.

இனி நிழலுக்கு வந்து, எரியும் நீல எல்இடியைச் சிவப்பின் தலைக்கு நேரே ஒட்டி வையுங்கள். வோல்ட் வரும். இப்போது மாற்றி, எரியும் சிவப்பை நீலத்துக்கு நேரே வையுங்கள். ஏறக்குறைய ஒன்றும் வராது. நீல ஃபோட்டானுக்குச் சிவப்பின் தாழ்ந்த மாடியை ஏறத் தெம்பு உண்டு. சிவப்பு ஃபோட்டானுக்கு நீலத்தின் மாடி எட்டாது. எத்தனை ஆயிரம் சேர்ந்து வந்தாலும் எட்டாது, ஒன்றின் தோளில் ஒன்று ஏற முடியாது. ஆற்றல் இடைவெளி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ரிமோட் சோதனை உங்களுக்கே தெரிந்திருக்கும்: பட்டனை அழுத்திக்கொண்டு அதன் நுனியைப் போனின் செல்ஃபி கேமராவில் பார்த்தால் இளம் ஊதாவாக மின்னும். பல போன்களில் பின்பக்கக் கேமராவில் தெரியாது, அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி அதில் நன்றாக வேலை செய்கிறது.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். பெரிய நீல, புறஊதா எல்இடியை நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழைய எல்இடியை உடைத்துத் தேய்க்காதீர்கள்; சிலவற்றில் ஆர்செனிக் இருக்கிறது.

சிடியில் பிரித்துப் பாருங்கள்

இருட்டறையில் எல்இடியை எரியவைத்து, சிடியின் பளபளப்பான பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து அதில் விழும் கலர்ப் பட்டையைப் பாருங்கள். சிடியின் வரிகள் 1.6 மைக்ரான் இடைவெளியில் இருப்பதால் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும். சிவப்பு எல்இடியில் சிவப்பு மட்டும் ஒரு திட்டாகத் தெரியும். நீலத்தில் நீலத் திட்டு. குண்டு பல்பு ஒன்று வீட்டில் மிச்சமிருந்தால் அதையும் வைத்துப் பாருங்கள், முழு வானவில் விரியும்.

கடைசியாக வெள்ளை. பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: ஒரு பக்கம் பளீரென்று நீலம், அப்புறம் கொஞ்சம் மங்கல், அதன் பிறகு பச்சையிலிருந்து மஞ்சள் வழியாகச் சிவப்பு வரை அகலமான பட்டை. வெள்ளையும் நீலமும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டியது நினைவிருக்கிறதா? வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீலத் துணுக்கேதான். வெள்ளையாக எரியும் குறைக்கடத்தி என்று ஒன்று கிடையாது, ஓர் இடைவெளியால் ஒரு நிறம்தான் தர முடியும். அந்தத் துணுக்கின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியிருப்பார்கள். இது முன்னே சொன்ன பாஸ்பரஸ் இல்லை, சீரியம் கலந்த ஒரு வகைக் கார்னெட் படிகப் பொடி. அது நீலத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மஞ்சளாக மாற்றிக் கொடுக்கும். மீதி நீலமும் இந்த மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. எல்இடியை அணைத்துவிட்டு மேலிருந்து பார்த்தால் கிண்ணத்துக்குள் மஞ்சள் பசை தெரியும்.

மாதம் ஒன்று கழித்து அந்த வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போயிருந்தேன். ஆச்சி மறக்கவில்லை. நான் இந்த வளவு, மாடி, மாங்காய்க் கதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "அப்ப வெள்ளைக்கு எந்த மண்ணு?" பையிலிருந்து ஒரு வெள்ளை எல்இடியை எடுத்துக் கொடுத்து, உள்ளே நீலம், மேலே மஞ்சள் பூச்சு என்று விளக்கினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அந்த மஞ்சளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"காயிதம் இல்லேன்னியேப்பா. இது என்னவாம்?"